மைனஸ் ஆறு சதவீத ஈரம்

ஹௌகிலம்பி,
ஜனவரி 23

மதிப்பிற்குரிய ரைமோ அத்தானுக்கு,

மர்யுத் எழுதுவது. இங்கே நானும் தங்கள் சகலை டுவோமோவும் சுகம். ஹெல்சிங்கியில் தாங்களும் சிர்பா அக்காவும் சுகமாக இருக்கவும், அக்காவின் முழங்கால் வலி குறையவும் வேண்டுகிறேன். கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லார் முன்னாலும், "இந்தக் காலத்துல மரத்தை எரிச்சு ஊரையே சூடாக்குறாளாம், குகையில இருந்து வந்தவ மாதிரி" என்றீர்களே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஜெயித்துவிட்டேன், அத்தான்.

எங்கள் மரச்சில்லு பாய்லரின் வெந்நீர்க் குழாயை நம்பித்தான் பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், நீச்சல்குளம் மூன்றும் குளிர்காலத்தைத் தள்ளுகின்றன. எங்களோடு போட்ட ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, எண்ணெய் பாய்லருக்கு மாறுவதா என்று திங்கள்கிழமை நகராட்சிக் கூட்டம். அதற்குள் முதியோர் இல்லம் இருபத்தொரு டிகிரிக்குக் கீழே இறங்கினால் எங்கள் கதை முடிந்தது. புதிய சில்லுக் குவியலில் ஈரம் எவ்வளவு என்று எடைபோட நகராட்சிப் பொறியாளர் கௌகோ சனிக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. ஒரு தட்டுச் சில்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, மறுபடி எடைபோட வேண்டும். எங்கள் சமையலறை அடுப்பு கெட்டுப்போயிருந்ததால் வெள்ளிக்கிழமையே எடைபோட்டு, தட்டை எங்கள் நீராவிக் குளியலறையான சவுனாவின் மேல்பலகையில் வைத்தேன். அங்கே நூறு டிகிரி சூடு சாதாரணம். நல்ல யோசனைதான். சனிக்கிழமை சவுனா நாள் என்பதைத்தான் மறந்துவிட்டேன். சனிக்கிழமை வந்த விருந்தாளியை சவுனாவுக்குக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? டுவோமோ கூப்பிட்டார், கௌகோ போனார், மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சூட்டுக் கல்லிலும் சுற்றிலுமாகப் பதினோரு கரண்டி தண்ணீர் வீசினார். தட்டு நனைவதை டுவோமோ பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சவுனாவுல தொழில் பேசுவாங்களா?"

கௌகோ துண்டோடு வந்து எடைபோட்டார். காய்ந்த பிறகு எடை கூடியிருந்தது. நிதானமாகக் கணக்குப் போட்டு, "ஈரம் மைனஸ் ஆறு சதவீதம்" என்றார். "மைனஸுக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா. வேற தட்டு காயுற வரைக்கும் அந்தக் குவியலைத் தொடக்கூடாது." வெளியே மைனஸ் முப்பத்துநாலு டிகிரி. பாய்லர் தொட்டியில் மிச்சமிருந்தது ஆறு மணி நேரத்துக்கான சில்லு.

"கூரைக்கடியில ரெண்டு கோடை காஞ்ச பிர்ச் விறகுன்னா?" என்று கேட்டேன்.

"அதுக்குச் சோதனை வேண்டாம்."

அப்படிப்பட்ட விறகு இந்த வட்டாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. நானே பிளந்து நானே அடுக்கியது. அடுக்கு நேராக இருந்தால் மனசும் நேராக இருக்கும் என்று நம்புகிறவள் நான். அதைச் சில்லு வெட்டும் எந்திரத்தில் கொடுக்கும்போது என்னையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது போல இருந்தது. டுவோமோ அடுக்கைத் தடவிக்கொண்டே, "அந்தக் கடைசி வரிசையுமா?" என்றார். "அதையும்தான்" என்றேன். அத்தான், காய்ந்த பிர்ச் என்ன எரி எரியுது தெரியுமா, ஞாயித்துக்கிழமை முதியோர் இல்லத்துல இருபத்தேழு டிகிரி, அந்தக் குளிர்லயும் ஜன்னலைத் திறந்துவிட்டாங்க, தொண்ணூறு வயசு லெம்பி அம்மா ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிச்சாங்களாம், நீச்சல்குளத்துக்குப் போன பாதிரியார் ரெண்டு மணி நேரம் வெளியவே வரலை.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் கௌகோ எழுந்து, "சூடா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். இந்த ஊரில் அது நீண்ட சொற்பொழிவு. இன்னும் ஐந்து வருடம், அத்தான், ஒப்பந்தம் எங்களுக்கே.

அக்காவுக்கு முத்தங்கள். தங்கள் மின்சார ஹீட்டர்கள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
ஊரைச் சூடாக வைத்திருக்கும்
மர்யுத்

பி.கு.: எங்கள் வீடு அந்த வெந்நீர்க் குழாய் வராத இடத்தில் இருப்பதையும், அந்த அடுக்குதான் எங்கள் குளிர்காலம் முழுவதற்கான விறகு என்பதையும் நேற்றுதான் நிதானமாக யோசித்தேன். கையுறையோடு எழுதுவதால் எழுத்து கோணல். வீட்டுக்குள் ஒன்பது டிகிரி. டுவோமோ பாய்லர் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார், அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன், ஏப்ரல் வரை. குகையைப் பற்றி ஸ்டேஷனிலேயே பேசி முடித்துவிடுங்கள், அக்காவுக்கு முன்னால் வேண்டாம்.