கரண்ட் மாமாவின் ஈரத் துண்டு

தலைக்குள் கரண்ட் ஏற்றிக்கொள்வதற்காக இஸ்திரி போட்ட சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாகப் புறப்பட்டுப் போன ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் கரண்ட் மாமாதான்.

மாமா மின்சார வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்ரீவராகத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. பல்பு கொஞ்சம் மங்கினால் போதும், வாசலுக்கு வந்து, "நூத்தித் தொண்ணூறு வோல்ட்தான் வரது!" என்று தெருவுக்கே அறிவிப்பார். இத்தனை தெரிந்தவருக்கு என் பெயர் மட்டும் தங்காது. சுந்தரமாகிய நான் ஒரு நாள் ராமசுப்பு, மறுநாள் கிருஷ்ணமூர்த்தி. சமயத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு நாள் இது சிரிப்பாக இல்லாமல் போயிற்று. மாமிக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டிருந்தது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது மாமாதான். காலை மாத்திரையைக் கொடுத்ததையே மறந்து, மறுபடியும் கொடுத்துவிட்டார். மாமி கூடத்தில் மயங்கி விழுந்தாள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

பெங்களூரிலிருந்து பிள்ளை ஓடி வந்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான்.

"இந்த ஆத்துல கிணறு எங்கே, படி எங்கேன்னு என் காலுக்குத் தெரியும்டா. அங்கே வந்தாத்தான் நான் குருடியாவேன்" என்றாள் மாமி.

பிள்ளை கொஞ்சம் இறங்கி வந்தான். "ஓணம் வரைக்கும் பக்கத்தாத்துல யாராவது மாத்திரை கொடுக்கட்டும். அப்போ வந்து பார்க்கறேன். அப்பாவால முடியலேன்னா கிளம்பணும்." மாத்திரை டப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் வயதானவர்களுக்கு ஞாபகப் பயிற்சி கொடுத்து ஆராய்ச்சி நடத்தினார்கள். தலையில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்து, ரப்பர் பட்டை கட்டி, மெல்லிய கரண்ட் விட்டுக்கொண்டே பயிற்சி. சிலருக்கு நிஜ கரண்ட். சிலருக்கு ஆரம்பத்தில் லேசாகச் சுருக்கென்று காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். யாருக்கு எது என்று கடைசியில்தான் சொல்வார்களாம்.

"மத்தவாளுக்கு கட் பண்ணட்டும். என்கிட்டே நடக்குமோ? நான் போர்டு ஆளாக்கும்!" என்றார் மாமா. என் ஸ்கூட்டரில்தான் அழைத்துப் போனேன்.

முதல் நாளே தகராறு. மலையாளத்து டாக்டர் பெண் பஞ்சோடு வந்து, "அங்கிள், நெத்தி க்ளீன் ஆக்கணும் கேட்டோ" என்றாள்.

"விபூதியை அழிச்சா உள்ளே இருக்கறது என் மூளைதானான்னு எனக்கே தெரியாதே குட்டி!"

கடைசியில் பட்டையைக் கழற்றியதும் அவளே தன் கையால் விபூதி இட்டுவிடுவது என்று ஒப்பந்தம் ஆயிற்று. பாவம், அந்தப் பெண் கிறிஸ்தவப் பெண். போகப் போக எங்கள் தெருக்காரர்களைவிட நேராக விபூதிப் பட்டை போட்டாள்.

பயிற்சியில் முகங்களைக் காட்டிப் பெயர் சொல்வார்கள். முகத்தில் ஏதாவது ஒன்றோடு பெயரை முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். மாமா அதை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டார். மீன்காரியைக்கூட விடவில்லை, அக்ரஹாரத்துக்குள் வராதவளைத் தேடி முக்குக்கே போய்ப் பெயர் கேட்டார். ஒரு நாள் என்னை நிறுத்தி, உற்றுப் பார்த்தார். "சப்பை மூக்கு... சுந்தரம்!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சொன்னதற்கு அல்ல.

வீடு திரும்பும்போதெல்லாம் ரிப்போர்ட் உண்டு. "இன்னிக்கு ஃபுல் வோல்டேஜ்டா. காதுல இரைஞ்சுது."

ஆராய்ச்சி முடிந்தது. டாக்டர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அங்கிளுக்கு கரண்ட் கொடுத்திட்டில்ல. பட்சே, பயிற்சி நிஜமாக்கும். அங்கிள் நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டு."

கரண்ட் கொடுக்கவே இல்லை என்ற முதல் பாதிதான் மாமா காதில் விழுந்தது. ஸ்கூட்டரில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாசலில் இறங்கியதும், "ரொம்ப தேங்க்ஸ், கிருஷ்ணமூர்த்தி" என்றார். எனக்குப் பகீர் என்றது. மறுநாள் பிள்ளை ஓணத்துக்கு வருகிறான்.

நான் ஓடிப்போய் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் காலை பிள்ளை மாத்திரை டப்பாவை அப்பா முன்னால் வைத்தான். மாமா கையை நீட்டவே இல்லை. "கரண்ட் இல்லேடா. எனக்கு ஒண்ணுமே வரலே" என்றார்.

மாமி எழுந்தாள். சமையலறைக்குத் தடவாமல் போய், உப்புத் தண்ணீரில் நனைத்த துண்டோடு வந்தாள். மாமாவின் நெற்றியைத் தேடிப் பிடித்துச் சுற்றிக் கட்டினாள்.

"அங்கே கொடுக்காட்டா என்ன? இப்போ கரண்ட் வந்துடுத்து. சொல்லுங்கோ."

உப்புத் தண்ணீர் மாமாவின் மூக்கில் வழிந்தது. அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. டப்பாவைத் திறந்தார். "மஞ்சள், காலம்பற, சாப்பாட்டுக்கு முன்னாடி. வெள்ளை, சாப்பிட்டப்புறம். பாதி மாத்திரை ராத்திரிக்கு." ஒன்றுகூடத் தப்பவில்லை. பிள்ளை டப்பாவை மூடி அப்பா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அடுத்த வீட்டிலிருந்து மாமியின் குரல் கேட்கும். "கரண்ட் வந்துதா?"

"வந்துடுத்து. மஞ்சள், இந்தா."

எனக்குத் திரும்பக் கிடைத்த பெயர்தான் வெகுநாள் நிற்கவில்லை. சில வருஷங்களில் மறுபடி ராமசுப்பு ஆனேன், கிருஷ்ணமூர்த்தி ஆனேன், கடைசியில் வெறும் "யாரது?" ஆனேன். போகட்டும். மாமி இருந்தவரை மஞ்சள் மாத்திரை அவருக்கு மறக்கவில்லை. அந்த மனுஷன் என்னை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்த்திருப்பேன்.