மொரிவாக்கி காட்டும் முதல் கை

"முதல் கை என்னன்னு மட்டும் சொல்லிடு தம்பி. மத்ததெல்லாம் என் அதிர்ஷ்டம்" என்றார் தொயோகோ அம்மாள்.

மொரிவாக்கி தூரிகையைக் கழுவுகிற கிண்ணத்தில் விடுவதற்குப் பதிலாகத் தேநீரில் விட்டார்.

மேஜைமேல் பச்சையும் பொன்னுமாக நமாகோன் படுத்திருந்தது. கடல் அட்டைக்குக் கோபம் வந்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு வினைல் பூதம். மற்ற நமாகோன்களெல்லாம் பட்டறையில் ஒரே நிறத்தில் வார்த்தவை. இது மட்டும் மொரிவாக்கி தன் கையால் வண்ணம் தீட்டியது. ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கோயென்ஜி கடைத்தெருச் சங்கக் கூடத்தில் இதற்கு ஜான்கென் போட்டி.

"அக்கா, அதைச் சொல்லிட்டா அப்புறம் போட்டி எதுக்கு?"

"நான் எப்பவும் முதல் சுத்துலயே உக்காந்துடறேன்பா. பொம்மையை வார்த்தது யாரு? எங்க வீட்டுக்காரர். 'உங்க ஆளு செஞ்சது உங்களுக்கே கிடையாதா'ன்னு பக்கத்து வீட்டுக்காரி கேக்கறா. முதல் சுத்தைத் தாண்டி ரெண்டாவதுல தோத்தாக்கூட எனக்கு மரியாதைதான்."

மொரிவாக்கி இந்தப் போட்டிக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. முதலில் வந்தவருக்கு முதலில் என்று விற்றபோது, பக்கத்து மருந்துக்கடை வாசல்வரை ஜனங்கள் மெத்தை விரித்துப் படுத்தார்கள். சீட்டுக் குலுக்கினால் கைக்குழந்தை முதல் சக்கர நாற்காலித் தாத்தா வரை குடும்பத்தோடு வந்து ஆளுக்கொரு சீட்டுக் கேட்டார்கள். கடைசியில்தான் ஜான்கென். இவர் மேடையில் நின்று கையைக் காட்டுவார்: கல், காகிதம், கத்தரிக்கோல், ஏதோ ஒன்று. காகிதம் கல்லை மூடும், கத்தரிக்கோல் காகிதத்தை வெட்டும், கல் கத்தரிக்கோலை உடைக்கும். கூடமே எதிர்க்கை காட்டும். இவரை ஜெயித்தவர்கள் நிற்கலாம். தோற்றவர்களும் சமமானவர்களும் உட்கார வேண்டும். கடைசியாக நிற்பவருக்கே பொம்மை. எல்லாம் எல்லார் கண்ணெதிரே. 'மொரிவாக்கி கடைன்னா நியாயம்' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு சொத்து இல்லை.

"முடியாதுக்கா. பேர் கெட்டுடும்."

"சரிப்பா. உன் புது அச்சு எங்க பட்டறையில மேல் தட்டுல இருக்கு. அதைக் கீழ இறக்கணும்னு அவருக்கு ஞாபகப்படுத்தணும். வர வர எனக்கும் மறதி." தொயோகோ அம்மாள் எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

சிறிய பொம்மைக்காரர்களுக்குச் சிறிய எண்ணிக்கையில் வார்த்துக் கொடுக்கும் பட்டறை ஊரிலேயே நாலைந்துதான். மற்றவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

"கல்லு" என்றார் மொரிவாக்கி, பொம்மையைப் பார்த்தபடி.

"நல்லாயிரு!"

அவர் போன கையோடு ஹாத்தானோ வந்தார். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். எல்லாப் போட்டிக்கும் வருவார், எல்லாவற்றிலும் தோற்பார், தோற்றதும் கைதட்டுவார்.

"சார், ஒண்ணு சொல்லணும். இன்னொரு கடையில உள்ளுக்குள்ளேயே வித்துட்டு வெளிய வரிசை நிக்க வைக்கறாங்களாம். அப்பத்தான் நினைச்சேன், நம்ம மொரிவாக்கி கடையில தோக்கறதுகூட ஒரு கௌரவம்னு."

மொரிவாக்கியின் காது மடல்கள் சிவந்தன. 'அந்த அம்மாளுக்குச் சொன்னேனே, இந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்' என்று மனம் அரித்தது. அரித்த இடத்தைச் சொறிந்தால்தானே ஆறும்?

"ஹாத்தானோ சார், கல்லு."

"எந்தக் கல்லு?"

"ஞாயித்துக்கிழமை என் முதல் கை. கல்லு."

ஹாத்தானோவின் முகம் வெளிறிப்போனது. "ஏன் சார் சொன்னீங்க? கேட்டதை இனிமே கேக்காத மாதிரி எப்படி இருக்கறது?" தொப்பியை எடுத்துக்கொண்டு, தேநீரைத் தொடாமல் போய்விட்டார்.

விஷயம் மொரிவாக்கியின் மனைவி சிஸுயேயின் காதுக்கு மறுநாளே எட்டியது. வெளியிலிருந்து.

"ஏங்க, முடி வெட்டற யூமி சொல்றா, நீங்க கல்லு காட்டப் போறீங்களாமே!"

"யூமிக்கு யார் சொன்னது?"

"ஹாத்தானோ சாராம். தனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கறது வெட்கமா இருக்குன்னு கூட விளையாடற மாஜாங் நண்பர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கார். அதுல ஒருத்தர் யூமியோட மாமனார். அவருக்கும் வெட்கம்."

"அட கடவுளே. யூமி?"

"அவளுக்கும் வெட்கமாத்தான் இருந்துச்சாம். வாடிக்கையாளருக்கெல்லாம் சொன்னதும் சரியாயிடுச்சாம்."

பேராசையில் கசிகிற ரகசியத்தைக் கொஞ்சமாவது அடைக்கலாம். இது கூச்சத்தில் கசிகிறது. ஆளாளுக்குத் தன் மனபாரத்தை அடுத்தவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மொரிவாக்கி யோசித்து யோசித்து, கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்: 'முதல் கை பற்றிப் பரவும் வதந்தியை நம்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

மத்தியானத்துக்குள் அதுவரை ஒன்றும் அறியாதவர்களெல்லாம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன வதந்திங்க?"

"ஒண்ணுமில்லை."

"நம்பக் கூடாதுன்னா, எதை நம்பக் கூடாதுன்னு தெரியணும்ல?"

நியாயமான கேள்வி. எதிரே சோபா நூடுல்ஸ் கடைக்காரர் வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தார்: "கல்லுங்க, கல்லு! அதைத்தான் நம்பக் கூடாதாம்!"

அறிவிப்பைக் கிழித்தார். "கிழிச்சுட்டாரு பாரு, அப்ப உண்மைதான்" என்றது தெரு.

சனிக்கிழமை சாப்பாட்டின்போது சிஸுயே மெதுவாக ஆரம்பித்தாள். "பேசாம வேற கையைக் காட்டிடுங்களேன்."

"எப்படிக் காட்டுவேன்? தொயோகோ அக்கா முதல் சுத்துலயே உக்காந்துட்டா என் அச்சு மேல் தட்டுலயே அடைகாக்கும். ஹாத்தானோ சார் என்னைப் பொய்யன்னு நினைப்பார். அந்த மனுஷன்கிட்ட ஒரு வாக்குச் சொல்லியிருக்கேன்."

"ஏமாத்தறதுலயாவது நாணயமா இருக்கணும்னு பாக்கறீங்க."

"சிஸுயே!"

"கோவிச்சுக்காதீங்க. மிசோ சூப் ஆறுது, குடிங்க."

ஞாயிற்றுக்கிழமை கூடம் பிதுங்கியது. எப்போதும் சளசளவென்று பேசும் கூட்டம் அன்றைக்குக் கோயிலுக்கு வந்ததுபோல் அமைதி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வலது கையை ஆளாளுக்குச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்கள். முன்வரிசையில் தொயோகோ அம்மாள், புது உடுப்பில். சுவரோரம் ஹாத்தானோ, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

மேடையில் மொரிவாக்கி கையைத் தூக்கினார். மாற்றிவிடலாமா? ஒரு விநாடிதான். தொயோகோ அம்மாள் அவரைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். மேல் தட்டு ஞாபகம் வந்தது.

"ஜான்... கென்... போன்!"

கல்.

கூடம் முழுக்கக் காகிதம். விரித்த உள்ளங்கைகள் தாமரைக்குளத்து இலைகள் மாதிரி ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. யாரும் உட்காரவில்லை. அப்போதுதான் அவரவர் அக்கம்பக்கத்துக் கையைப் பார்த்தார்கள்.

"நீயுமா?" என்றது ஒரு குரல்.

"நீங்க எப்படியோ, அப்படித்தான்" என்றது இன்னொன்று.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். வெள்ளை மேலங்கியில் மாவு ஒட்டியிருந்த ஓர் இளம்பெண் உட்கார்ந்தாள். கடைத்தெரு முனை ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவள், பெயர் நத்சுமே. அவள் கை மட்டும் இன்னும் மூடியே இருந்தது. கல்.

அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பி, உடனே கவிழ்ந்தன. ஹாத்தானோ முதலில் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் யூமி. அப்புறம் நூடுல்ஸ் கடைக்காரர். ஜெயித்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியாக நின்றது தொயோகோ அம்மாள். சட்டப்படி பொம்மை அவருக்குத்தான். அவர் சுற்றிலும் பார்த்தார். "எனக்கு முட்டி வலிக்குது" என்று முனகியபடி அவரும் உட்கார்ந்துவிட்டார்.

மொரிவாக்கி மேடையிலேயே இடுப்பு ஒடிய வணங்கினார். நிமிரவே இல்லை.

"தப்பு என்னுது. முதல் கையை நான்தான் வெளிய சொன்னேன். இனிமே எனக்கு நியாயம்னு பேச வாய் கிடையாது. ஆனா இந்தக் கூடத்துல ஒருத்தர் மட்டும் எதுவும் தெரியாம, சுத்தமா விளையாடினாங்க. பொம்மை அவங்களுக்குத்தான் போகணும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாருக்கு இருக்கும்? தொயோகோ அம்மாள்தான் முதலில் கைதட்டினார். கூடம் அதிர்ந்தது. பாரமெல்லாம் இறங்கியதுபோல் சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள்.

மொரிவாக்கி இறங்கி வந்து, இரண்டு கையாலும் நமாகோனை நீட்டினார். நத்சுமே வாங்கவில்லை. முகமெல்லாம் சிவந்து, மேலங்கியின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கம்மா. உன்னைப் பார்த்தாத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருது. ஊரே பேசிச்சே, உன் காதுல மட்டும் எப்படிம்மா விழாம போச்சு?"

"விழாம என்னங்க, முதலாளியம்மா மூணு நாளா அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க; எல்லாரும் காகிதம் காட்டுவாங்க, நீங்க வெட்கப்பட்டுக் கடைசி நிமிஷத்துல கத்தரிக்கோலுக்கு மாறிடுவீங்கன்னு நம்பித்தான் நான் கல்லைக் காட்டினேன்."