கிளினிக் கார்ட் இல்லாத கர்ப்பிணி

அடுத்தவர் விவகாரத்தில் தலையிடாமல் என்னால் இருக்க முடியாது. அதை ஒருமுறை நாடே ரிவியில் பார்த்துவிட்டது.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு தாய் சேய் கிளினிக்கில் பதிவு எழுதும் லிகிதர் நான். (வைத்தியம் தெரியாது. தெரிந்த மாதிரி நடக்கத் தெரியும்.) அன்று காலை வேலைக்குப் போக பஸ் நிலையத்தில் இறங்கினால், ஒருவன் தன் கர்ப்பிணி மனைவியைக் கண்டபடி ஏசிக்கொண்டிருக்கிறான்.

"நடக்க ஏலாதெண்டால் ஏன்டி வந்தனி?"

அவள் அழுதாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, வாயை மூடும்!" என்று நடுவில் போய் நின்றேன். அவளிடம் திரும்பினேன். "எத்தனை மாசம் பிள்ளை?"

"எட்டு."

"கிளினிக் கார்ட் எங்க?"

"கார்ட்டோ? அது... இல்லை அக்கா."

அவன் ஏசியதைக்கூட மன்னித்திருப்பேன். எட்டு மாதமாகக் கிளினிக்கில் பதிந்து கார்ட் போடாமல் ஒரு பிள்ளையா! எங்கள் ஊரில் கர்ப்பிணிகள் செருப்பை மறந்தாலும் கார்டை மறக்கமாட்டார்கள். கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். "நில்லுங்கோ!" என்று நாலு பேர் பின்னால் ஓடி வந்தார்கள். புருஷனின் ஆட்கள் என்று நினைத்து ஆட்டோக்காரரை விரட்டினேன்.

"அக்கா, இது ரிவிக்காரர் ஒளிச்சு எடுக்கிற நிகழ்ச்சி. ஆர் தட்டிக் கேக்கினம் எண்டு பாக்கிறம்" என்றாள் அவள்.

"புருஷனைக் காப்பாத்த என்ன கதையெல்லாம் சொல்லுறாய்!"

ஆட்டோ பள்ளத்தில் விழுந்து எழும்பியது. அவள் வயிறு இடப்பக்கம் போய்விட்டது. எனக்கு உயிரே இல்லை. கிளினிக் வாசலில் "பிள்ளை திரும்பிட்டுது!" என்று நான் போட்ட கூச்சலில் மருத்துவமாது ஓடி வந்து, அவளைப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கினார்.

பூப்போட்ட தலையணை.

மருத்துவமாது தலையணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வரிசையில் இருந்த கர்ப்பிணிகள் சிரித்த சிரிப்பில் யாருக்காவது நோவு வந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

அதற்குள் ரிவிக்காரர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். "மூண்டு ஊரில எடுத்தம் அக்கா. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நீங்கள் ஆளையே கொண்டு வந்திட்டியள்!" என்றார் அவர்களில் பெரியவர்.

ஒளிபரப்பான அன்று பாலையூற்றில் எங்கள் தெரு முழுக்க எங்கள் ஹோலில்தான். திரையில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் முன்னால் போகிறேன். வெட்கம் எல்லாம் பறந்துவிட்டது. எனக்கு நானே கைதட்டினேன். இன்றைக்கும் நான் சந்தைக்குக் கிளம்பினால், "மரக்கறி மட்டும் கொண்டு வாரும், ஆளைக் கொண்டு வராதையும்" என்பார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன மாதம் அந்த நடிகை போன் எடுத்தாள்.

"அக்கா, இந்த முறை உண்மையாத்தான். அம்மாவுக்கே இன்னும் சொல்லேல்லை. கார்ட் போட்டிட்டன்."