ஒன்பது கைகளின் பெரும்பான்மை

உலகம் பல நூற்றாண்டுகளாகத் தேடி அலைந்த குறையற்ற மக்களாட்சி, நான்கு மாடிகள் கொண்ட ஒரு குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் குடியிருந்தது. அதைக் கண்டெடுத்து வளர்த்த பெருமை குடியிருப்போர் சங்கச் செயலாளரையே சேரும். தரைத்தளத்தில் வசித்த அவருக்கு மாடிகளைப் பற்றி முற்றிலும் நடுநிலையான கருத்து உண்டு. ஏறிப் பார்த்ததே இல்லை என்பதால், அதில் விருப்பு வெறுப்பு கலக்க வழியில்லை.

லிஃப்ட் நின்றுபோனதும் அவர் 'வெளிப்படையான' வாக்கெடுப்பை அறிவித்தார். வீட்டுக்கு ஒரு கை. வந்திருந்த முப்பது வீட்டாரில் இருபத்தொரு பேருக்கு லிஃப்ட் வேண்டும். செயலாளர் உட்பட ஒன்பது பேருக்கு வாசலில் ஒரு நீரூற்று வேண்டும். இதை இப்படியே கேட்டுவிட்டால் அது வெறும் சந்தைக் கூச்சல் ஆகிவிடாதா? ஆகவே, மக்களின் நுண்ணிய உணர்வுகளுக்கு மதிப்பளித்து, அவர் லிஃப்டை மூன்றாகப் பகுத்தார்: பழையதைப் பழுதுபார்ப்பது, புதியது வாங்குவது, பழைய கூண்டுக்குப் புதிய மோட்டார் பொருத்துவது. நீரூற்றைப் பகுக்க இயலாது, தண்ணீர் பிரிந்து நிற்காது என்று விளக்கமும் அளித்தார்.

எட்டு, ஏழு, ஆறு. நீரூற்றுக்கு ஒன்பது.

"எதுக்கு அதிக கையோ அதான் முடிவு. மக்கள் தீர்ப்பு," என்றார் செயலாளர்.

"இருபத்தொரு பேர் லிஃப்ட் கேட்டோமே சார்," என்றார் மூன்றாம் மாடி எலக்ட்ரீஷியன்.

"கேட்டீங்க. ஆனா ஒரே லிஃப்டைக் கேக்கலையே."

நான்காம் மாடியில் வசித்த செயலாளரின் அக்கா, ஓய்வுபெற்ற தலைமைச் செவிலி, அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. நேரில் வந்து கை தூக்கினால்தான் வாக்கு என்பது விதி. முழங்கால் அறுவைக்குப் பின் படியிறங்க முடியாது என்பது அவர் நிலைமை. விதியும் நிலைமையும் மோதும்போது செயலாளர் எப்போதும் விதியின் பக்கம் நிற்பவர். அடுத்த தெருவில் அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியை அவர் கைப்பேசித் திரையில்தான் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் எப்போதான்டா குழந்தையைத் தூக்குறது?" என்று போனில் கேட்டார்.

"ஃபவுண்டன் வரட்டும்க்கா. மேலேருந்து பாத்தாதான் அது அழகே."

அடுத்த கூட்டத்துக்கு அக்கா வந்தே விட்டார். லிஃப்டுக்குக் கை தூக்கிய மூன்று அணிகளிலிருந்தும், எட்டுக்காரர் ஒருவர், ஏழுக்காரர் ஒருவர், ஆறுக்காரர் இருவர் ஆக நால்வர், அவரை நாற்காலியோடு தூக்கிவந்து இறக்கினார்கள். லிஃப்டில் ஒத்துப்போகாதவர்கள் நாற்காலியில் ஒத்துப்போனது செயலாளருக்குச் சற்று ஒழுங்கீனமாகப் பட்டது.

அக்காவின் தீர்மானம் எளியது. "எதுக்குமே பாதிக்கு மேல கை வரலேன்னா, கடைசியா வந்ததைத் தள்ளு. அதுக்குக் கை தூக்கினவங்கள அடுத்தபடியா எது வேணும்னு கேளு. ஏதாவது ஒண்ணு பாதியைத் தாண்டுற வரைக்கும் இப்படியே கேளு."

"அருமையான யோசனை," என்று பாராட்டிய செயலாளர், அதையும் வாக்குக்கு விட்டார்: 'உடனே மாற்றலாம்', 'அடுத்த ஆண்டு மாற்றலாம்', 'குழு அமைத்து மாற்றலாம்', 'மாற்ற வேண்டாம்'.

'மாற்ற வேண்டாம்' ஒன்பது கைகளோடு மாபெரும் வெற்றி பெற்றது. மற்ற மூன்றும் இருபத்திரண்டு கைகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு தோற்றன.

தூக்கிவந்த நால்வருக்கும் அதற்குள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இனி லிஃப்ட் ஓடும்வரை அக்காவுக்குத் தம்பி வீடுதான். அங்கே அவர் எங்கே படுப்பது என்ற கேள்வி எழுந்தபோது செயலாளரின் மனைவி, கணவரின் கொள்கையின் மீது கொண்ட மதிப்பால், ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்.

செயலாளரின் கட்டிலுக்கு அக்காவும் மனைவியும் கை தூக்கினர். கூடத்துச் சோபாவுக்குச் செயலாளர். மகன் தங்கையின் அறையைச் சொன்னான். மகள் அண்ணனின் அறையைச் சொன்னாள்.

"கட்டிலுக்கு ரெண்டு கை. நானும் அண்ணியும் உள்ள படுத்துக்கறோம். நீங்க சோபாவுக்குப் போங்க," என்றார் மனைவி.

"இரு, இரு. அஞ்சு பேர்ல மூணு பேர் என் கட்டிலைச் சொல்லவே இல்லையே. பாதி கூட வராதது எப்படி முடிவாகும்?"

"அதிக கை எதுக்குன்னு நீயே எண்ணிப் பாரு தம்பி," என்றார் அக்கா.

"அது எண்ணுற முறையே இல்லக்கா. தங்கச்சி ரூம் இல்லேன்னா அடுத்து எதுன்னு இவனைக் கேக்கணும். அவளையும் கேக்கணும். ரெண்டு பேரும் சோபான்னுதான் சொல்லுவாங்க. கேக்காம முடிவு பண்றது மூணு பேர் வாயை அடைக்கிறதுதானே?"

வாக்கு முறைச் சீர்திருத்தத்துக்கான நியாயத்தை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு உருக்கமாக அதுவரை எவரும் எடுத்துரைத்ததில்லை. அக்காவே வியந்துபோனார்.

"இதை அப்படியே அடுத்த கூட்டத்துல பேசுறீங்களா?" என்று மனைவி கேட்டார்.

செயலாளர் சோபாவின் மேல் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார்.

"அங்க எதுக்கு? அங்கதான் நான் ஜெயிக்கிறேனே," என்றார்.