ஆறு வெண்கலக் குணங்கள்

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் மரியாதை. இங்கே நலமில்லை. உங்கள் அக்கா என்னிடம் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து ஒன்பது நாளாகிறது. அதற்குக் காரணம் நீங்கள்.

நான் ஓய்வுபெற்ற அன்று ஆறு பழைய ரோமானிய வெண்கலக் காசுகளைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தீர்களே, நான் கேட்டேனா? ஒரு பக்கம் மூக்கு நீண்ட அரசன், மறுபக்கம் ஒரு பெண். அவள் தராசு பிடித்திருந்தால் நடுநிலை, முக்காடு போட்டிருந்தால் அடக்கம், இன்னொருவருடன் கைகோத்து நின்றால் ஒற்றுமை என்று ஒரு குறிப்பேடு வேறு. நல்ல குணத்தை நல்லவர்களுக்குக் கொடுத்துப் பாராட்டுவோம் என்று நினைத்ததுதான் நான் செய்த குற்றம். நடுநிலையை என் பழைய மேலதிகாரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ நான் ஓரவஞ்சனை பண்றேன்னு மொட்டைக் கடுதாசி போட்டது நீங்கதானா?" என்றார். ஒற்றுமையை மாடிவீட்டுத் தம்பதிக்குக் கொடுத்தேன். "நாங்க சண்டை போடறது கீழ வரைக்கும் கேக்குதா சார்?" என்று கேட்டவர்கள், அன்று முதல் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். அடக்கத்தை என் தங்கைக்கு அனுப்பினேன். "நான் அப்படி என்னண்ணா ஆடிட்டேன்?" என்று தொலைபேசியில் அழுதவள், அதற்குப் பிறகு பேசவே இல்லை.

சூடு கண்ட பூனையாகிப் பெட்டியைப் பூட்டிவிட்டேன். உங்கள் அக்காவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இது புத்திசாலித்தனமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். அவளோ, "ஊருக்கெல்லாம் குணம் குடுத்தீங்க. முப்பத்தாறு வருஷத்துல என்கிட்ட ஒண்ணுகூடவா உங்க கண்ணுக்குத் தெரியல?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம் என்றால் மனுஷன் என்னதான் பண்றது?

இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஒரு குணம் கொடுத்ததற்கே இவ்வளவு அர்த்தம் என்றால், ஆறையும் மொத்தமாக என் தலையில் கட்டிய நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள்? மிச்சத்தைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். அவளை அழைத்துப்போக நான் வரமாட்டேன். வந்த வழி அவளுக்குத் தெரியும், அப்படியே திரும்பி வரட்டும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அவளிடம் படித்துக் காட்டிவிடாதீர்கள். இன்று காலைகூட, மாத்திரை டப்பா எங்கே என்று காலிச் சமையலறையைப் பார்த்துக் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பேருந்திலேயே வருகிறேன். பெட்டியில் 'பொறுமை' மிச்சமிருக்கிறது. அதை உங்கள் அக்காவிடம் தருகிறேன், அவள் தன் கையால் எனக்குக் கொடுக்கட்டும். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.