விசில்காரர் காத்த ஏரிக்கரை

வேங்கிக்காலில் கலெக்டருக்குப் பயப்படாதவர்கள்கூட விசில்காரருக்குப் பயப்படுவார்கள். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது எங்கள் தெருவின் சந்தேகம்.

எங்கள் ஏரியின் கிழக்குக் கரையில், கற்களுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். முட்டையும் கல் மாதிரியே இருக்கும். கவனிக்காமல் கால் வைத்தால் போச்சு. பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் யார் போனாலும் விசில் பறக்கும். பைக்கில் வந்தவர்களை, "எறங்கு, எறங்கு! வண்டி இதுக்கு மேல போவாது!" என்று இறக்கிவிடுவார். கல்யாண போட்டோ எடுக்க வந்த மாப்பிள்ளை ஒருவர், விசில் சத்தத்தில் பெண்ணை விட்டுவிட்டு ஓடினார்.

காலை நடை போகும் எங்களுக்குத்தான் ஆத்திரம். "ஏரி இன்னா உங்க அப்பா ஊட்டு சொத்தா?" என்று மளிகைக்கடை பாஷா பாய் ஒருநாள் அவர் சட்டையையே பிடித்துவிட்டார். பாய் கை ஓங்கியதும் நாங்கள் பாய்ந்து இழுத்தோம்.

"மூணு பக்கம் கரை கெடக்குதே பாய், அங்க நடங்க. இந்த ஒரு பக்கம்தான் அதுக்கு," என்றார் விசில்காரர், பட்டன் அறுந்த சட்டையோடு. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றது.

தகராறு மேலிடம்வரை போயிற்று. ஒரு காலையில் ஜேசிபியும் கம்பிவேலியும் வந்து இறங்கின. ஏரி முழுவதையும் சுற்றி அடைக்கப் போகிறார்களாம். நாங்கள் நடக்க முடியாது. எருமை தண்ணீர் குடிக்க முடியாது.

"இப்ப மனசு குளுந்துச்சா?" என்று முறைத்தார் பாய்.

விசில்காரர் நேரே போய் ஜேசிபிக்கு முன்னால் நின்று காது கிழிய ஊதினார். டிரைவர் அரண்டு பிரேக் போட்டார்.

"நகருங்க பெருசு!" வண்டி உறுமிக்கொண்டு ஒரு முழம் முன்னால் வந்தது. அவர் நகரவில்லை.

"குருவியக் காப்பாத்தணும்னு கத்துனதே நீங்கதானே?" என்றார் கூட வந்த அதிகாரி.

"கெழக்க மட்டும் அடைங்க சார், அதுவும் குஞ்சு ஓடற வரைக்கும். முழுசா பூட்டிட்டா ஜனங்க ஏரிய மறந்துடுவாங்க. அப்புறம் எவனாவது குப்பை கொட்டுனா கேக்கறதுக்கு யாரு இருப்பாங்க?"

பாஷா பாய் விடுவிடுவென்று போய் அவர் பக்கத்தில் நின்றார். பிறகு நாங்கள். பிறகு எருமைகளும். வெயில் ஏறும்வரை தள்ளுமுள்ளு. கடைசியில் கிழக்குக் கரையில் மட்டும் கயிறு கட்டச் சொல்லிவிட்டு அதிகாரி ஜீப் ஏறினார்.

இப்போது விசில்காரரும் எங்களோடு நடக்க வருகிறார். மூட்டு வலி, அடிக்கடி நின்றுவிடுவார். அவர் நிற்கும்போதெல்லாம் பாய் ஷூ லேஸைக் கட்டுவதற்காகக் குனிகிறார்.

பாயின் ஷூவில் லேஸே கிடையாது.