தபால்காரர் பறந்த கதை

காட்டோரக் குடியிருப்பில் ஐந்து நாளாக நிற்க இடமில்லை. செத்துப்போன தபால்காரர் மாலைதோறும் பறக்கிறாராம்! உயிரோடு இருந்தவரை ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தவர். செத்த பிறகுதான் எத்தனை சுறுசுறுப்பு!

பறக்கவிட்டவர் ஆவிகளோடு பேசும் மந்திரவாதியாம். பொழுது சாய்ந்ததும் தபால்காரர் வீட்டுப் பின்புறத்து மரத்தை மந்திரக்கோலால் மூன்று தட்டுத் தட்டுவார். மேலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ விரிந்து, சத்தமில்லாமல் மிதந்து, காட்டுக்குள் மறையும். கூட்டம் வாயைப் பிளக்கும். தையல்காரியான தபால்காரரின் மனைவி தேம்பித் தேம்பி அழுவாள்.

ஐந்தாம் நாள் அவளிடம் மந்திரவாதி சொன்னார்: "மரத்துல மாட்டிக்கிட்டுத் தவிக்கிறாரும்மா. மரத்த வெட்டிக் கட்டைய என் வீட்டுக்கு அனுப்பிடு. அவருக்கு விடுதலை."

ஆவி விடுதலையாவதற்கு இவர் வீட்டில் கட்டை எதற்கு? யாரும் கேட்கவில்லை. பக்திப் பரவசத்தில் கேள்வி கேட்க நேரமேது!

மறுநாள் நடுப்பகலில், கூட்டம் கூடி நிற்க, மரவெட்டி வந்தார். அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு பொந்து.

"அக்கா, பொந்து இருந்தா தட்டிப் பாக்காம நான் வெட்டுறதில்ல. நீங்களே தட்டுங்க."

"ஐயோ, என் கோலாலதான் தட்டணும்! ஆவி கோவிச்சுக்கும்!" என்று மந்திரவாதி பாய்ந்து வந்தார்.

தையல்காரி துணி அளக்கும் கோலாலேயே தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. உருண்டைக் கண், மீசை.

"உங்க வீட்டுக்காரருக்கு மீசை உண்டா அக்கா?"

"உண்டு..." என்றாள். அதற்குள் பக்கத்தில் இரண்டு குட்டித் தலைகள் முளைத்தன. அவள் குரல் மாறியது: "அதென்ன ரெண்டு பிள்ளைங்க? எனக்குத் தெரியாம அந்த மனுஷன்..."

மரவெட்டி சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "பறக்கும் அணில் அக்கா. கைக்கும் காலுக்கும் நடுவுல தோல் இருக்கு. அத விரிச்சுத்தான் மரத்துக்கு மரம் சறுக்கும். பொந்துல குட்டி போட்டிருக்கு. பொழுது சாஞ்சாதான் இரை தேடிப் பறக்கும்; பகல்ல யார் தட்டினாலும் எட்டிப் பாக்கும், அவ்வளவுதான்."

கூட்டம் திரும்பியபோது மந்திரக்கோல் மட்டும் கிடந்தது. மந்திரவாதியைக் காணோம்.

"அப்ப அவரு வரவே இல்லையா?" என்று கேட்டாள் தையல்காரி.

"இல்லக்கா."

அவள் பொந்தை அண்ணாந்து பார்த்தாள். "மரத்த விட்டுடுங்க. அதுங்களாவது குடும்பமா இருக்கட்டும்."

மரவெட்டி கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நாளா அண்ணாந்து பாத்தீங்களே, கழுத்துக்குக் குடுத்த வேலையில பாதிய மூளைக்குக் குடுத்திருக்கக் கூடாதா?"